பாட்ரிக் கெடிஸ்: சந்துகளிற் சோலை வைத்த பேராசிரியர்

நகரத்தில் வாழும் மக்கள் நோயின்றி வாழ்வதற்கு வேண்டுவன யாவை என்று வினவினால், நல்ல தண்ணீர், கழிநீர்க் கால்வாய், மருத்துவசாலை என்று எவரும் தயங்காது விடை பகர்வர். இவை யாவும் இன்றியமையாதனவே, ஐயமில்லை. ஆயின், வீட்டு வாயிலினின்றும் சிறிது தூரம் நடந்தால் அடையத்தக்க ஒரு மரத்தின் நிழலும், குழந்தைகள் ஓடியாடத்தக்க ஒரு சிறு பசுந்தரையும் அவ்வரிசையிலேயே வைத்து எண்ணத்தக்கவை என்று கூறுவார் சிலரே. அதனைக் கூறியதோடு அமையாது, செய்தும் காட்டிய ஒரு பெரியாரின் வரலாற்றை இங்கே சுருக்கி எழுதப் புகுகின்றோம். அவர் பெயர் பாட்ரிக் கெடிஸ். தாவரசாஸ்திரப் பேராசிரியராயிருந்து நகரமைப்புக் கலைக்கு ஆசிரியரானவர் அவர். மேனாட்டு நூல்களில் அவர் புகழ் விரிவாகப் பேசப்படுகின்றது. நமது தஞ்சையின் நலத்துக்கும் மதுரையின் நலத்துக்கும் வழி சொன்னவரும் அவரே என்பது நம்மவர் பலருக்குப் புதிய செய்தியாகவே இருத்தல் கூடும்.

கெடிஸ் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ஆம் நாள், ஸ்காத்லாந்து தேசத்துப் பாலட்டர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் படைச் சேவகத்திற் பல்லாண்டு கழித்தவர். பிள்ளை சிறுவனாயிருந்தபோதே குடும்பத்தார் பெர்த் நகரையடுத்த ஒரு குன்றின் சாரலிற் குடியேறினர். வீட்டைச் சூழ ஒரு தோட்டமிருந்தது. தந்தையும் மகனும் அத்தோட்டத்திற் கிழங்கு நட்டும் செடி வளர்த்தும் பொழுது போக்கினர். குன்றின் மீதேறி நின்றால் நகரமும், அதனை ஊடறுத்துச் செல்லும் டே என்னும் ஆறும், அப்பாலுள்ள வயல்களும் ஒரே பார்வையிற் புலப்படும். மண்ணைக் கையால் தொட்டு அறிதல், உயர நின்று ஊரை முழுதும் நோக்குதல் என்னும் இவ்விரண்டு வழக்கங்களும் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

வயது வந்தபின் தாவரசாஸ்திரம் பயில விரும்பி எடின்பரோ சர்வகலாசாலையிற் சேர்ந்தார். அங்குக் கற்பிக்கும் முறை மனத்துக்கு ஒவ்வாமையால் ஒரே வாரத்தில் வெளியேறினார். பின்னர் லண்டன் சென்று, புகழ் பெற்ற ஜீவசாஸ்திர ஆசிரியராகிய தாமஸ் ஹக்ஸ்லி என்பாரிடம் மாணவராயமர்ந்தார். பட்டம் எதுவும் அவர் பெற்றாரில்லை. பட்டம் பெறாமலேயே பேராசிரியரானார் ஒருவர் உண்டென்பது பரீக்ஷைக்கு அஞ்சும் மாணவருக்கு ஆறுதலாக இருக்கலாம். ஆயின் அவர் கற்ற அளவையும் உடன் நினைத்தல் வேண்டும்.

1879-ஆம் ஆண்டில், ஆராய்ச்சியின் பொருட்டு மெக்ஸிகோ தேசம் சென்ற இளைஞர் கெடிஸுக்குக் கொடியதோர் இடுக்கண் நேர்ந்தது. கண்ணொளி மங்கிற்று. பல வாரங்கள் இருட்டறையிற் கட்டுண்ட கண்களோடு கிடந்தார். பார்வை மீண்டதாயினும், நுண்ணோக்கிக் கண்ணாடியில் நெடுநேரம் உற்று நோக்கும் வேலை இனி இயலாதென்பது தெளிவாயிற்று. நுண்ணுயிர்களை ஆராய்வதே வாழ்க்கை என்றிருந்தவருக்கு இதனினும் பெரிய இழப்பு யாது? ஆயினும் அவர் சோர்ந்து அமர்ந்தாரல்லர். செடியொன்று ஒளியும் நீரும் மண்ணுமின்றி வாடுதல் போல, மனிதனும் தன் சூழல் கெட்டவிடத்து வாடுகின்றான் என்னும் உண்மையை மனத்திற்கொண்டு, நுண்ணோக்கியை விட்டு நகரத்தை நோக்கத் தொடங்கினார்.

அவர் நோக்கிய முதல் நகரம் எடின்பரோ. அந்நகரம் இரு கூறுடையது. புது நகரம் அகன்ற வீதிகளும் பூங்காக்களும் உடையது, செல்வர் வாழ்வது. பழைய நகரமோ கோட்டையினின்றும் இறங்கும் மலை முதுகின் மீது, மாடத்தின் மேல் மாடமாக ஓங்கிய பழங்கட்டடங்களும், அவற்றினூடே வெயில் புகாத சந்துகளும் நிறைந்தது. ஒருகாலத்தில் பிரபுக்கள் வாழ்ந்த அறைகளில், அவர்கள் புது நகரத்துக்குப் பெயர்ந்தபின், ஏழை மக்கள் அறைக்கொரு குடும்பமாக அடைந்து கிடந்தனர். 1861-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓரிரவு அத்தகைய கட்டடம் ஒன்று இடிந்து விழ, 35 பேர் மாண்டனர். அதன் பின்னரே நகரசபையார் விழித்தெழுந்து, மறு ஆண்டில் லிட்டில்ஜான் என்னும் வைத்தியரைச் சுகாதார அதிகாரியாக நியமித்தனர். சில பகுதிகளை இடித்துப் புதுவீதிகள் திறந்தனர். ஆயின் இடிபட்ட வீடுகளில் இருந்தோர் யாண்டுச் சென்றனர்? எஞ்சிய சந்துகளிலேயே மேலும் நெருங்கி அடைந்தனர்.

1886-ஆம் ஆண்டில் கெடிஸ் ஆனா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்தார். மணமக்கள் புது நகரத்தில் வசதியாகக் குடியிருந்திருக்கலாம். அவ்வாறு செய்யாது, பழைய நகரத்தின் சந்தொன்றிலிருந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் பழங்கட்டடத்திற் குடிபுகுந்தனர். ஏழைகளுக்கு உபதேசம் செய்யவேண்டுமென்று அவர்கள் செல்லவில்லை. அண்டை வீட்டாராகவே சென்றனர். தம் வீட்டைத் தாமே துப்புரவு செய்து வெள்ளையடித்தனர். சன்னல்தோறும் பெட்டிகளில் மண்ணிட்டுப் பூச்செடி வைத்தனர். அண்டை வீட்டாரும் கூடினர், முற்றத்துக் குப்பை அகன்றது, சுவர்கள் வெளுத்தன. தூய்மை செய்து முடித்த சுவர் சில நாளில் மீண்டும் அழுக்கடைதல் இயல்பு. ஆனால் தன் கையால் வைத்த செடியொன்று சன்னலில் நிற்குமானால், அதற்கு நீர் விடும் கை சன்னலையும் துடைக்கும். இச்சிறு உண்மையே கெடிஸின் முறைக்கு வேராயிற்று.

1888-ஆம் ஆண்டில் எடின்பரோ தாவரசாஸ்திரப் பேராசிரியர் பதவியை நாடினார், கிடைக்கவில்லை. அவ்வாண்டிலேயே டண்டீ நகரக் கல்லூரியிற் பேராசிரியராகி, 1919 வரை அப்பதவி வகித்தார். ஆண்டில் வேனிற்பருவ மாதங்கள் மட்டுமே அங்குப் பாடஞ்சொல்ல வேண்டியிருந்தமையின், எஞ்சிய காலம் நகரப் பணிக்கு உதவிற்று. எடின்பரோ மாணவர் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் விடுதிகளை அமைத்தார். 1892-ஆம் ஆண்டில், கோட்டைக்கு அருகிலிருந்த உயர்ந்த கோபுரக் கட்டடமொன்றை வாங்கி, அதனை நகரத்தை ஆராயும் கூடமாக்கினார். அதன் உச்சியில் நின்றால், சிறுவயதிற் குன்றின் மீது நின்று பெர்த் நகரைக் கண்டவாறே, எடின்பரோ முழுதும் காணலாம்.

அக்கூடத்தைச் சார்ந்தோர் பின்னர்ச் செய்த வேலையொன்று நம் கருத்துக்கு மிகவும் உரியது. பழைய நகரத்துச் சந்துகளை ஒவ்வொன்றாக நடந்து, யாருக்கும் பயன்படாது குப்பை கொட்டிக் கிடந்த வெற்றிடங்களை எண்ணி அளந்தனர். எழுபதுக்கு மேற்பட்ட துண்டு நிலங்கள் காணப்பட்டன. ஒவ்வொன்றும் கைக்குட்டை போன்றது; எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 10 ஏக்கர்! இடமில்லை, இடமில்லை என்று எல்லோரும் கூறிய ஊரினுள்ளே, கேட்பாரற்றுக் கிடந்தது இவ்வளவு இடம். கெடிஸின் மகளார் நோரா என்பவர் முன்னின்று, அவற்றுட் சிலவற்றைத் தோட்டங்களாக்கினார். அண்டை வீட்டாரும் பிள்ளைகளும் அவற்றிற் பாடுபட்டனர். வெயில் காணாத பிள்ளைகளுக்கு அதுவே வெளி. அறைக்குள் அடைபட்ட தாய்மாருக்கு அதுவே மூச்சு விடும் இடம்.

கெடிஸின் கொள்கை யாதென ஈண்டுக் கூறுதல் பொருந்தும். உலகத்து உயிர்களெல்லாம் இறுதியிற் பச்சிலையைச் சார்ந்தே வாழ்கின்றன. நாணயம் இல்லாவிடினும் உலகம் நடக்கும், இலை இல்லாவிடின் நடவாது என்பது அவர் தாவரசாஸ்திரத்திற் கண்ட உண்மை. அவ்வுண்மை நகரத்துக்கும் பொருந்துமென்றார். அக்காலத்துச் சுகாதார உத்தியோகஸ்தர் நோயை நீக்குவதே நலமென்று கருதினர். கெடிஸோ, நோயின்மை ஒரு பாதியே, உடம்பு உழைக்கவும் கண் களிக்கவும் அயலாரோடு அளவளாவவும் இடமிருத்தல் மறு பாதி என்று கருதினார். 1904-ஆம் ஆண்டில் டன்பர்ம்லின் நகரத்துப் பூங்காவுக்காக அவர் வரைந்த விரிவான திட்டத்தை, அதனைக் கேட்டவர்களே ஏற்க மறுத்தனர். இத்தகைய மறுப்பு அவருக்குப் பின்னரும் பலமுறை நேர்ந்தது.

இனி, அவர் நம் நாட்டுக்கு வந்த வரலாறு. அக்காலத்துச் சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த பெண்ட்லண்டு பிரபு கெடிஸின் நண்பர். அவர் அழைப்பிற்கிணங்கி 1914-ஆம் ஆண்டில் தம் மகன் அலாஸ்டெயருடன் கெடிஸ் இந்தியாவுக்குப் புறப்பட்டார். உலக நகரங்களைப் பற்றி அவர் பல்லாண்டு சேர்த்த படங்களும் வரைபடங்களும் அடங்கிய பொருட்காட்சி வேறொரு கப்பலில் ஏற்றப்பட்டது. ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டிருந்த காலம். செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைக் கடற்கரையிற் குண்டு பொழிந்து, நம் பேச்சு வழக்கிலேயே ஒரு சொல்லாக நிலைத்துவிட்ட எம்டன் கப்பலை அறியாதார் யார்? அந்த எம்டனே அக்டோபர் மாதத்தில் இந்துமா கடலில் கெடிஸின் பொருட்காட்சி வந்த கப்பலையும் மூழ்கடித்தது. வாழ்நாளின் சேகரமெல்லாம் கடலடி சேர்ந்தது. பிறரெனில் திரும்பியிருப்பர். கெடிஸ் திரும்பவில்லை, தாய்நாட்டு நண்பர்கள் விரைந்து புதிய படங்கள் திரட்டியனுப்ப, 1915-ஆம் ஆண்டில் சென்னையிற் காட்சி நடந்தேறியது.

அவ்வாண்டில் அவர் ராஜதானியின் ஊர்கள் பலவற்றைச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். அவற்றுள் தஞ்சைக் கோட்டைப் பகுதியைப் பற்றியது நாம் ஊன்றிப் படிக்கத்தக்கது. அங்கே ஜன நெருக்கத்தைப் போக்குதற்கு, சதுரங்கப் பலகை போல நேரான வீதிகளை வீடுகளின் ஊடே வெட்டுவதென ஒரு திட்டமிருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்து பார்த்தார். அவர் கண்டது வேறு. மக்கள் போக்குவரத்துக்குப் பழைய சந்துகளே போதும், பாழடைந்து நோய்க்கிடமான சில வீடுகளை மட்டும் அகற்றி, வெறுமையாய்க் கிடக்கும் மனைகளை அவற்றோடு சேர்த்துத் திறந்த இடமாக்கினால், ஒவ்வொரு வீட்டுக்கும் காற்று எட்டும், நல்ல வீடுகள் நிலைக்கும், குடியிருப்போர் துரத்தப்படார், செலவும் சிறிதே ஆகும். மதுரைக்கும் அவர் இம்முறையையே கூறினார். ரண வைத்தியன் புண்பட்ட சிறு பகுதியை மட்டும் அறுத்து உடம்பைக் காப்பது போன்றது இது. வீதி வெட்டுவோன் செய்வதோ, புண் ஆற்றும் பொருட்டுக் கையையே துணிப்பது. அங்ஙனம் திறந்த இடங்களில் மரம் வைக்கவேண்டும் என்பதையும் அவர் மறவாது வற்புறுத்தினார். கோயில் மரத்தடியும் ஊர்ப் பொது மேடையும் நம்முடைய பழைய பூங்காக்கள் என்பதை வேற்று நாட்டார் ஒருவர் கண்டு நமக்கு உணர்த்தினார்.

ஏரி குளங்களைப் பற்றியும் அவர் கருத்து அக்கால உத்தியோகஸ்தர் பலர் கருத்துக்கு மாறானது. கொசுவுக்கு அஞ்சி ஊர்க் குளங்களைத் தூர்த்துவிடுதலே சுகாதாரமென்று அவர்கள் எண்ணினர். கெடிஸ், குளம் ஊரைக் குளிரச் செய்வது, மழைவெள்ளத்தைத் தாங்குவது என்று கூறி, மீனும் வாத்தும் வளர்த்தால் கொசுப் புழுக்களை அவை உண்டொழிக்குமென்று வழி சொன்னார். சென்னையின் நெடிய ஏரி 1920-ஆம் ஆண்டுகளில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகராயிற்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளத்தைக் கண்டோர், நீர் தனக்குரிய இடத்தைத் தேடி வீடுகளுக்குள் நுழைந்ததை மறந்திரார்.

1917-ஆம் ஆண்டு கெடிஸின் வாழ்வில் இருண்ட ஆண்டு. அலாஸ்டெயர் பிரான்ஸ் தேசத்துப் போர்க்களத்தில் ஏப்ரல் மாதத்தில் மாண்டார். அச்செய்தி இந்தியாவுக்கு எட்டியபோது ஆனா அம்மையார் கடுஞ்சுரத்தால் படுக்கையிலிருந்தார். மகன் இறந்த செய்தியை மனைவியிடம் கூறும் துணிவு கெடிஸுக்கு உண்டாகவில்லை. நெஞ்சிலே துயரத்தை அடக்கிக்கொண்டு அருகிருந்து பணி செய்தார். ஜூன் மாதத்தில் அம்மையார், மகன் முடிவை அறியாமலே, உயிர் நீத்தார். முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தோளோடு தோள் நின்று, எடின்பரோச் சந்திற் செடி வைத்த கை ஓய்ந்தது. நலவாழ்வைப் பிறருக்கு வகுத்துக் கொடுத்தவர், தம் இல்லத்தில் இருவரை இரு மாதங்களுள் இழந்தார்.

இத்துன்பத்தின் பின்னும் அவர் வேலையை நிறுத்தவில்லை. இந்தூர் சமஸ்தானத்தின் தலைநகருக்காக அவர் எழுதிய பேரறிக்கை 1918-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அந்நகரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. மக்கள் அச்சத்தால் மயங்கியிருந்தனர். கட்டளையிட்டுத் துப்புரவு செய்விப்பது பயன்படாதென உணர்ந்த கெடிஸ், தீபாவளி விழாவையே கருவியாகக் கொண்டார். விழா ஊர்வலம் எவ்வீதிகள் மிகுந்த தூய்மையாயிருக்கின்றனவோ அவ்வழியே செல்லுமென்று அறிவிக்கச் செய்தார். ஊரார் போட்டியிட்டுப் பழுது பார்த்து வெள்ளையடித்தனர். அழுக்கு என்னும் அரக்கனுக்கும் நோய் பரப்பும் எலிக்கும் உருவம் செய்து எடுத்துச் சென்று எரித்தனர். தெருக்கூட்டும் தொழிலாளர் புத்தாடை புனைந்து, ஊர்வலத்திற் பெருமையுடன் நடந்தனர். முடிவில் வீடுகளில் வைத்து வளர்க்கத் துளசிக் கன்றுகள் வழங்கப்பட்டன. ஜேம்ஸ் கோர்ட்டின் சன்னற் பெட்டியும் இந்தூரின் துளசித் தொட்டியும் ஒன்றே; தேசம் வேறு, கருத்து வேறன்று.

1919 முதல் 1924 வரை பம்பாய் சர்வகலாசாலையில் சமூகவியற் பேராசிரியராயிருந்தபின், பிரான்ஸ் தேசத்து மாம்பெல்லியே நகரில் தங்கி அங்கு ஒரு கல்விநிலையத்தை நிறுவினார். 1925-ஆம் ஆண்டில் டெல் அவீவ் நகருக்கு அவர் வரைந்த திட்டத்தில், குடியிருப்புத் தொகுதிகளின் நடுவே சிறு தோட்டங்கள் அமைய இடங்குறித்தார். 1932-ஆம் ஆண்டில் ஸர் பட்டம் பெற்று, அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் மாம்பெல்லியேயில் காலமானார்.

குறையே இல்லாத மனிதராக அவரைக் காட்டுதல் நம் நோக்கமன்று. தொடங்கியவற்றுட் பல முடிவு பெறவில்லை. கணக்கு வழக்கிற் கவனம் போதாமையால் நண்பர்களுக்குத் தொல்லை விளைத்தார். அவர் பிரசங்கம் தாடிக்குள்ளேயே அடங்கிவிடும் என்று கேட்டோர் குறைப்பட்டதுண்டு. இந்திய நகரங்களுக்கு அவர் எழுதிய அறிக்கைகளுட் பல அலமாரிகளில் உறங்கின. அவர் சொல்லியது மெய்யென்று காட்டும் எண்ணும் அளவும் அவர் காலத்தில் இல்லை; அதனால் அவரை வெறுங் கனவு காண்பவரென்று தள்ளியோரும் இருந்தனர்.

அவ்வளவைகள் பிற்காலத்தில் வந்தன. அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவில் ஒரு மருத்துவசாலையில், ஒரே வகை ரணசிகிச்சை பெற்ற நோயாளிகளுள், சன்னல் வழியே மரங்களைக் கண்டோர் செங்கற்சுவரைக் கண்டோரினும் விரைவில் வீடு திரும்பினரென்றும், கடுமையான வலிநீக்கு மருந்துகளைக் குறைவாகவே வேண்டினரென்றும் 1984-ஆம் ஆண்டில் உல்ரிச் என்பார் வெளியிட்டார். இங்கிலாந்தில் பசுமை மிகுந்த பகுதிகளில், செல்வர்க்கும் வறியர்க்கும் இடையே மரண விகிதத்திலுள்ள வேற்றுமை குறைந்து காணப்படுகின்றதென 2008-ஆம் ஆண்டில் மிட்செல், பாபம் என்னும் இருவர் காட்டினர். எல்லாவற்றினும் நமக்கு வியப்பூட்டுவது பிலடெல்பியா நகரத்துச் சோதனை. அங்கே 541 வெற்று மனைகளைச் சீட்டுக் குலுக்கினாற்போல மூன்று வகையாகப் பிரித்தனர். ஒரு வகையில் குப்பை நீக்கிப் புல் விதைத்துச் சில மரங்களும் நட்டனர். மற்றொரு வகையில் குப்பையை மட்டும் நீக்கினர். மூன்றாவதை அப்படியே விட்டனர். 2018-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. பசுமை செய்த மனைகளுக்கு அருகில் வாழ்ந்தோருள் மனச்சோர்வு கொண்டதாகக் கூறுவது, ஒன்றும் செய்யாத இடங்களோடு ஒப்பிட நூற்றுக்கு 41.5 பங்கு குறைந்திருந்தது. குப்பையை மட்டும் நீக்கிய இடத்திலோ, குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. தூய்மை மட்டும் போதாது, செடியும் வேண்டுமென்று சந்தொன்றிற் குடிபுகுந்த தம்பதிகள் 1886-ஆம் ஆண்டிற் செய்தது, 132 ஆண்டுகளின் பின் கணக்கால் உறுதி பெற்றது.

இதன் காரணங்கள் விளங்காதவை அல்ல. மர நிழலும் இலைகள் விடும் ஈரமும் வெப்பத்தைத் தணிக்கின்றன. நடப்பதற்கு இடமிருந்தால் மக்கள் நடக்கின்றனர். அமர்வதற்கு இடமிருந்தால் அயலாரோடு பேசுகின்றனர், தனிமை நீங்குகின்றது. வேலையால் இளைத்த மனம் பசுமையைக் கண்டு தானே தெளிகின்றது. இவற்றுக்குப் பெரும்பூங்கா ஒன்று ஊர்ப்புறத்தே இருத்தல் மட்டும் போதாது. வண்டிக் கூலி கொடுத்துச் செல்லவேண்டிய நிழல் ஏழைக்கு நிழலாகாது. கெடிஸின் பெருமை, சிறிய இடத்தை அருவருக்காமையே.

நம் கல்லூரிகளின் மரங்கள் முன்னிருந்தோர் யாரோ வைத்தவை. அவற்றின் கீழ் நாம் பாடம் படித்தோம், நட்புக் கொண்டோம், பரீக்ஷை நாட்களின் கலக்கம் தணிந்தோம். கல்லூரியை விட்டு நகரங்களிற் குடியேறும் நாம், நம் தெருவில் கேட்பாரற்றுக் கிடக்கும் துண்டு நிலத்தைக் காண்போம். நம்முள் நகரசபையில் அமர்வோரும், எஞ்சினியராவோரும், வைத்தியராவோரும் உண்டு. வரைபடத்தின் மீது கோடு இழுக்குமுன், அச்சந்தில் ஒருமுறை நடந்து பார்த்தல் அவர்க்குக் கடன். மற்றையோர்க்கு ஒரு குழியும் ஒரு கன்றும் ஒரு குடம் நீரும் போதும். எடின்பரோவில் அப்பெரியார் தொடங்கியதும் அவ்வளவிலேதான்.